மூன்று முறை ஊற்றிய மழை

கண்ணாடிக் குழாய் கழுவ எட்டாம் வகுப்புப் படிப்பு போதும் என்று சொல்லித்தான் கல்லூரி ஆய்வகத்தில் அவளை வேலைக்கு எடுத்தார்கள். மொட்டை மாடியில் இருந்த மழைமானியைப் பார்க்க ஆளில்லாமல் போனதால் அதுவும் அவள் தலையில் விழுந்தது. விழுந்ததை அவள் இறக்கி வைக்கவே இல்லை. பதினாறு வருடம், லீவு நாளிலும் காலை எட்டரைக்கு மாடியேறி, பாட்டிலில் சேர்ந்த மழைத் தண்ணீரை அளவுக் குழாயில் ஊற்றிப் பார்த்து நோட்டில் எழுதினாள். பேசாமல் அந்தப் பாட்டிலையே கட்டிக்கொண்டிருக்கலாமே என்று வீட்டுக்காரர் கேலி செய்வார். பாட்டில் குறட்டை விடாது, நல்ல யோசனைதான் என்பாள்.

கடலுக்கும் ஆற்றுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஊர் அது. வெள்ளத்தின்போது ஜனங்கள் ஒதுங்குகிற மாதிரி ஒரு பள்ளிக்கூடம் கட்ட முடிவானது. தரையை எவ்வளவு உயர்த்துவது என்று கல்லூரிதான் சொல்ல வேண்டும். பேராசிரியர் அவளுடைய நோட்டுகளைக் கேட்டு வாங்கினார். ஆய்வு மாணவி ஒருத்தி எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றினாள்.

கூட்டத்தன்று டீ கொண்டுபோனவள் திரையைப் பார்த்தாள். பெருவெள்ளம் வந்த நாளுக்கு நேரே எழுபத்தொரு மில்லிமீட்டர் என்றிருந்தது. அப்படியானால் தரை முழங்கால் உயரம் போதும் என்று என்ஜினியர் வரைபடத்தை மடிக்கத் தொடங்கியிருந்தார். அந்த வெள்ளத்தில் கூரை மேல் ஏறி உட்கார்ந்திருந்த அவளுடைய அக்கா குடும்பம், இனி ஓடிவரப் போவது அந்தத் தரைக்குத்தான்.

தட்டை மேஜையில் வைத்தாள். "சார், அது தப்பு சார்."

மாணவி சங்கடத்தோடு விளக்கினாள். அன்றைய கட்டத்தில் மூன்று எண்கள் ஒன்றின் கீழ் ஒன்றாக இருந்தனவாம். ஆய்வக அக்கா தப்பாக எழுதித் திருத்தியிருப்பார் என்று கடைசியை மட்டும் எடுத்துக்கொண்டாளாம்.

"திருத்தலம்மா. பாட்டில் நூறு மில்லிமீட்டர்தான் பிடிக்கும். அன்னைக்கு மத்தியானமே கழுத்து வரைக்கும் வந்துடுச்சு. வழிஞ்சுட்டா அப்புறம் எதை அளக்குறது? அதான் அளந்து ஊத்திட்டு மறுபடி வச்சேன். சாயங்காலம் இன்னொரு தடவை. மறுநாள் காலையில மிச்சம். மூணையும் கூட்டணும்."

"நீங்க வீட்டுக்கே போகலையா?" என்றார் பேராசிரியர்.

"நான் போயிட்டா யாரு சார் ஊத்துறது?"

நோட்டு வந்தது. தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றாறு, எழுபத்தொன்று. ஒவ்வொன்றின் பக்கத்திலும் பென்சிலில் பொடியாக மணி குறித்திருந்தாள். மொத்தம் இருநூற்று அறுபத்தைந்து. நான் உங்களிடம் கேட்டிருக்க வேண்டும் அக்கா என்றாள் மாணவி. நானும் கூட்டி எழுதியிருக்க வேண்டும் என்று இவளும் ஒப்புக்கொண்டாள்.

என்ஜினியர் வரைபடத்தை மறுபடி விரித்தார். எல்லாவற்றையும் புதிதாகப் போட்டுப் பார்த்துவிட்டு, தரை இடுப்பளவுக்கு வர வேண்டும் என்றார்.

"என் இடுப்பை வச்சுப் போட்டுடாதீங்க சார், நான் குட்டை. இவர் இடுப்பை வச்சுப் போடுங்க" என்று பேராசிரியரைக் காட்டினாள். சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை, என்ஜினியர் பழைய கோட்டை அழித்துப் புதுக்கோடு போடும்வரை அங்கேயே நின்றாள்.

இன்று அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் போக ஏழு படி ஏற வேண்டும். மூச்சு வாங்குகிறதடி என்று அக்கா முனகுவாள். வாங்கட்டும், ஏறு என்பாள் இவள்.