கசிவின் மேல் ஒரு மஞ்சள் கல்

செஞ்சிக்குப் பக்கத்தில் படகு விடும் சிறிய ஏரி ஒன்று உண்டு. அதன் மண்கரைக் காவலாளி, காதுவரை மப்ளர் சுற்றியவர், கரையடியில் தண்ணீர் கசியும் இடத்தைத் தினமும் வெறுங்காலால் அழுத்திப் பார்ப்பார். அங்கே மஞ்சள் பூசிய கல் ஒன்று இருந்தது.

"கீழ இத்தனை வீடு இருக்கு. கசிவை அடைக்காம பூசை பண்றீங்களா?" என்றேன் எரிச்சலோடு.

"கல்லு நான் வச்சதுதான் சார். மிதிக்காதேன்னு போர்டு வச்சா, அதுமேல ஏறி நின்னு போட்டோ எடுக்குறானுங்க. இப்ப ஒருத்தனும் மிதிக்கிறதில்ல."

"ஆபீசுல சொல்லலியா?"

"சொன்னேன். அதிகாரி வந்தாரு. ஷூவைக் கழட்டிட்டு, கல்லைக் கும்பிட்டுட்டுப் போய்ட்டாரு. இன்னா பண்றது?"

சொல்லிவிட்டு மறுபடி காலை அழுத்தினார். கணுக்கால்வரை புதைந்தது. ஏரியில் படகுகள் போய்க்கொண்டிருந்தன.