சோற்றில் கிடந்த முடி

ரசத்துக்குள்ளிருந்து நீளமாக ஒரு முடியை உருவித் தட்டின் ஓரத்தில் ஒட்டினான் இசக்கித்துரை.

"மனுசன் திங்குததாட்டி இது?" என்று பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோனான்.

அவன் பெண்டாட்டி பொன்மணிக்கும் குமட்டியது. அவளுடைய முடிதான். சங்கரன்கோவிலில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் தார்க்குச்சியில் நூல் சுற்றுகிற வேலை அவளுக்கு. நூலில், தலையணையில், சோறு வடிக்கிற துணியில், எங்கே பார்த்தாலும் அவள் முடி. குளியலறை ஓட்டையில் சோப்பு அழுக்கோடு பந்தாகத் திரண்டு கிடப்பதைத் தோண்டி எடுக்கும்போது செத்த எலியைத் தொட்டதுபோல இருக்கும். வகிடு அகன்று உச்சந்தலைத் தோல் பளிச்சென்று தெரிந்தது.

மாமியார் மாரித்தாய் வைத்தியத்தில் இறங்கினாள். முதலில் அரைத்த சின்ன வெங்காயம். அதன்மேல் பச்சை முட்டை. அப்புறம், தெருவில் ஒருத்தி விற்ற பச்சை நிற எண்ணெய்.

"எரியுது அத்தை."

"எரிஞ்சாத்தான் வேர் பிடிக்கும். கெட சும்மா."

தறிக்கூடத்து வெக்கையில் அந்த நாற்றம் வேர்வையோடு கழுத்தில் வழிந்தது. கூட வேலை பார்த்த இசக்கிச்செல்வி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி நின்றாள். சில நாளில் தலையெல்லாம் கொப்புளம். சீப்பில் முடியோடு சீழும் மஞ்சளாக ஒட்டி வந்தது. கண்ணாடியில் பார்த்த பொன்மணி ஓடிப்போய் வாந்தி எடுத்தாள்.

மறுநாள் வேலைக்குப் போகாமல் தோல் டாக்டர் மெஹர்பானுவிடம் போனாள். டாக்டர் முகம் சுளிக்காமல் முடியை விலக்கிப் பார்த்தார். பிறகு கண் இமையை இழுத்துப் பார்த்தார்.

"மாதவிடாய் எப்படி இருக்கு?"

"ரொம்பப் போவுது டாக்டர். கட்டி கட்டியா. ரெண்டு வருசமா."

"வீட்ல சொல்லலையா?"

"சொன்னேன். பொம்பளைன்னா அப்படித்தான் இருக்கும்னுட்டாவ."

ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து டாக்டர் தலையை ஆட்டினார். "உடம்புல ரத்தமும் இல்ல, இரும்புச் சத்தும் இல்ல. முடி கொட்டாம என்ன செய்யும்? தலைல இனி எதையும் தேய்க்காதீங்க. புண்ணுக்கும் ரத்தத்துக்கும் மாத்திரை தாரேன். ரத்தப்போக்கு ஏன்னு ஸ்கேன் எடுத்துப் பாக்கணும். புது முடி வர மாசக்கணக்கா ஆகும். பொறுமையா இருங்க."

வெளியே வந்து ஆஸ்பத்திரிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள் பொன்மணி. தண்ணீர்க் குடத்தோடு தலைசுற்றி விழுந்த அன்று யார் வந்தார்கள்? இருட்டோடு எழுந்து ரத்தத் துணியைத் தனியாக அலசியபோது யார் ஏனென்று கேட்டார்கள்? தட்டில் கிடந்த ஒற்றை முடிக்கு வீடே கூடி நின்றதே!

ஸ்கேனில் கர்ப்பப்பையில் கட்டி தெரிந்தது. பெண்கள் நோய் டாக்டரிடம் அனுப்பினார்கள். மருந்தில் போக்கு அடங்கியது, நடையில் தெம்பு வந்தது. மாதங்கள் போக, வகிட்டோரம் குட்டைக் குட்டையாக முடி முளைத்தது. முன்போல அடர்த்தியாகிவிடவில்லை.

ஒருநாள் சாயங்காலம் இசக்கித்துரை அருகில் வந்து அவள் உச்சியைத் தடவினான். "இப்பதாம்ட்டி பாக்க லெச்சணமா இருக்கே."

பொன்மணி தலையை இழுத்துக்கொண்டாள்.

"கையை எடுங்க. அருவருப்பா இருக்கு."

அவள் எழுந்துபோய் மாத்திரையை விழுங்கித் தண்ணீர் குடித்தாள்.