பஸ்ஸில் ஏறிய வேப்பங்குழை

பெருமாள்மலையில் பஸ்ஸை நிறுத்திச் சோதித்த அன்று இருந்தவர்கள் சுகாதார இன்ஸ்பெக்டர், கண்டக்டர், என் மாமா, மதுரைக் கல்லூரியிலிருந்து விடுமுறைக்குத் திரும்பிய நான். இல்லாதவள் மாமாவின் மகள். அவள் மேலே எங்கள் ஊரான கூக்காலில், காய்ந்து உதிரும் அம்மைப் பொருக்குகளோடு வீட்டுக்குள் படுத்திருந்தாள். மாமாவின் மடியில் ஒரு கட்டு வேப்பங்குழை.

எங்கள் மேல்மலைக் குளிரில் வேம்பு வளராது. அம்மை இறங்கியவர்களுக்கு வேப்பிலை போட்டுத் தலைக்குத் தண்ணீர் ஊற்ற, வத்தலக்குண்டுவரை இறங்கித்தான் குழை ஒடித்து வர வேண்டும்.

"என்னண்ணே, ஆட்டுக்குத் தழையா? அதுக்கும் சேத்து டிக்கெட் எடுத்துருங்க" என்று ஏறும்போதே சீண்டிய கண்டக்டர், சுமைக்கூலியாக இரண்டணா வாங்கியிருந்தார். எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார்.

பெருமாள்மலையில் குழையைப் பார்த்த இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. கீழே பெரியம்மை பரவியிருந்த நேரம்.

"மலைக்கு எதுக்குய்யா வேப்பிலை? வீட்டுல யாருக்கு?"

"மகளுக்குங்க. தண்ணியம்மைதாங்க, எறங்கிருச்சு. நாளைக்கு வெள்ளனே தண்ணி ஊத்தணும்."

"டாக்டர் பாத்துச் சொல்லட்டும் சார்" என்றேன்.

"படிச்ச பிள்ளை, சட்டம் தெரியாதா? சந்தேகம் போதும் தம்பி."

மறுநாள் தண்ணீர் ஊற்றும் முன்பே இன்ஸ்பெக்டரின் ஆட்கள் வந்துவிட்டார்கள். பாயும் கம்பளியும் வாசலில் எரிந்தன. அவளை அம்மைக் கொட்டகைக்குத் தூக்கிப் போனபோது, மாமா கும்பிட்ட கையை இறக்கவே இல்லை. கொட்டகையில் அவளுக்கு இருபுறமும் கிடந்தவர்களுக்கு நிஜமான பெரியம்மை. அவள் கையில் அம்மைத் தடுப்பூசி குத்திய தழும்பு கிடையாது. குத்துகிறவர் ஒருநாளும் எங்கள் ஊர்வரை ஏறி வந்ததில்லை. தூக்கிப் போகத்தான் ஏறி வந்தார்கள். தண்ணியம்மை ஆறிப் போனவள் பெரியம்மையில் செத்தாள். உடலையும் தரவில்லை. அதற்கும் சட்டம் இருந்தது.

பின்னாளில் அந்தச் சட்டத்தை வாங்கிப் படித்தேன். வேண்டாத சட்டம் என்று சொல்ல மாட்டேன். அம்மை ஊர் ஊராக வாரிக்கொண்டு போனதைப் பார்த்தவர்கள் எழுதியது. வீட்டுக்குள் நுழையலாம், ஆளைத் தூக்கலாம், பொருளை எரிக்கலாம். தூக்கியது தவறென்றால் யாரிடம் போய்க் கேட்பது என்றுதான் தேடினேன். அது மட்டும் என் கண்ணில் படவில்லை.

இப்போது பெருமாள்மலையில் யாரும் பஸ்ஸை நிறுத்துவதில்லை. மாமா மலையை விட்டு இறங்குவதும் இல்லை. போன விடுமுறையில், "நட்டஈடு கேட்டு மனு எழுதித் தர்றேன், என்னென்ன போச்சுன்னு சொல்லுங்க மாமா" என்றேன். பூண்டுப் பாத்தியில் களை எடுத்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"கொழை சும்மாதாம்ப்பா கெடைச்சுச்சு. பஸ்ஸுக்குத்தான் ரெண்டணா."