விசில்காரர் வரிசை

அவரை எல்லோரும் ‘விசில்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பஸ் கண்டக்டர். பிரசவ வலியோடு போன மனைவியைக்கூட ‘உள்ள தள்ளிப் போ, இடம் இருக்கு’ என்று வழியனுப்பியவர் என்பது மச்சினன் கட்டிவிட்ட கதை. காய்ச்சல் என்று லீவு போடுகிறவர்களைக் கண்டால் அவருக்கு இளக்காரம். அதனாலேயே, காலையிலிருந்து நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்திருப்பதை அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை.

நல்லவேளையாக அன்று மச்சினன் மாடிப்படியில் சறுக்கிக் கணுக்காலைப் பிசக்கிக்கொண்டான். அவனைக் கூட்டிப்போகிற சாக்கில் டாக்டரிடம் தன் நெஞ்சைப் பற்றியும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம். யூனிஃபார்மைக்கூடக் கழற்றாமல் கிளம்பினார்.

அவசரப் பிரிவில் யாருக்கும் அவசரம் இருப்பதாகத் தெரியவில்லை. நர்ஸின் மேஜையைச் சுற்றி ஒரே கும்பல். விசிலுக்குப் பொறுக்கவில்லை.

“ஒருத்தர் பின்னாடி ஒருத்தர் நில்லுங்க! அம்மா, குழந்தையோட முன்னாடி வாங்க. அண்ணே, கட்டைவிரல்தானே? அறுந்தா விழுந்துச்சு? பின்னாடி போங்க.”

வரிசை உண்டாகிவிட்டது. நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள்.

“சார், இது பஸ் இல்ல. யாருக்கு ரொம்ப முடியலையோ அவங்கதான் இங்க முதல்ல.”

“அப்ப கத்துறவன் முதல்ல போயிடுவான்.”

“கத்துறவருக்கு மூச்சு நல்லா இருக்கு. சத்தம் போடாதவங்களத்தான் நான் பாக்கணும்.”

மச்சினன் உடனே கத்துவதை நிறுத்தினான். வலி பத்துக்கு எவ்வளவு என்று கேட்டாள். “பதினஞ்சு” என்றான். மூன்று என்று எழுதிக்கொண்டு, ஐஸ் பையைக் கையில் கொடுத்துக் கடைசி நாற்காலியைக் காட்டினாள்.

“உங்களுக்கு ஏன் இப்படி வேர்க்குது?” என்றாள் விசிலிடம்.

“ஃபேன் இல்ல.”

ஃபேன் அவர் தலைக்கு மேலேயே சுற்றிக்கொண்டிருந்தது.

“நெஞ்சு கிஞ்சு வலிக்குதா?”

அந்தக் கேள்விக்காகத்தான் அவர் வந்ததே. ஆனால் பின்னால், அவரே நிறுத்திவைத்த வரிசை. எந்த முகத்தோடு நடுவில் புகுவது?

“நான் துணைக்கு வந்தவன்மா. அடுத்தவங்களப் பாரு.”

“இங்கயே உக்காருங்க. எங்கயும் போகக் கூடாது,” என்றாள். அதற்குள் முன்னால் இருந்த குழந்தைக்கு வலிப்பு வர, அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

விசில் உட்காரப் போனார். நாற்காலி இருந்த இடத்தில் இல்லாததுபோல் இருந்தது. இடது கை கல்லாய்க் கனத்தது. மச்சினனைக் கூப்பிட வாயைத் திறந்தார்; பஸ்ஸையே அதிரவைத்த தொண்டையிலிருந்து சத்தமே வரவில்லை. வலது கை மட்டும் பழக்கத்தில் சட்டைப் பைக்குப் போனது.

அரை விசில்தான் வந்தது. ஆனால் ஒரு விசில் என்றால் நிறுத்து என்று அர்த்தம். அறையே நின்றுவிட்டது.

“ஸ்ட்ரெச்சர்!” உள்ளேயிருந்து வந்த நர்ஸ் அலறினாள். படுக்கவைத்ததும் குனிந்து கேட்டாள். “வலி எவ்வளவு?”

“ஒம்போது,” என்றார். ஒன்றைக் கௌரவத்துக்காகக் குறைத்துக்கொண்டார். பிறகு, “லைன்ல ஆள் நிக்குறாங்களேம்மா...”

“லைன் நீங்க போட்டது. நாங்க கலைச்சிக்கிறோம், போய்யா,” என்றார் கட்டைவிரல்காரர்.

ஒற்றைக்காலில் நொண்டி வந்த மச்சினன், மாமாவின் விரலிலிருந்து விசிலை உருவி இரண்டு தடவை ஊதினான். “போலாம், ரைட்!” நர்ஸ் திட்டிக்கொண்டே தள்ளினாள்.

பிழைத்துவிட்டார். இப்போது லீவு கேட்கிறவர்களைக் கேலி செய்வதில்லை என்று சொன்னால் அது பொய். “வலி பத்துக்கு எவ்வளவுடா?” என்று விசாரித்துவிட்டுக் கேலி செய்கிறார். நெஞ்சு என்று யாராவது சொன்னால் மட்டும், பஸ்ஸைப் பாதி வழியில் நிறுத்திவிடுகிறார்.