நான் அழித்த ஓடை

யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. எங்கள் ஊரில் மாரியில் ஓடும் வெள்ள வாய்க்காலுக்கு யாரும் பேர் வைப்பதுமில்லை. ஆகவே, இத்தாலியில், பலெர்மோ நகரில் நான் பராமரித்த கிழவி, நான் சின்யோரா என்று கூப்பிடும் வீட்டுக்காரி, ஸ்கொட்லாந்தில் தான் பிறந்த மலையில் எட்டிக் கடக்கிற ஓடைக்கும் பேர் இருக்கிறது என்றபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. புள்ளி ஓடை, கன்றுகள் இறங்கும் ஓடை, தயிர் நிற ஓடை. எல்லாம் அவருடைய தாய்மொழியான கேலிக்கில். இந்தப் பேர்களில் பாதி வரைபடத்தில் இல்லையாம். தெரிந்தவர்களில் அவர் ஒருவர்தான் மிச்சமாம்.

அந்தப் பேர்களை எழுதிக்கொள்ள அவருடைய நாட்டிலிருந்து இத்தாலியன் தெரிந்த ஒருவர் வருவதாக இருந்தது. சின்யோராவுக்கு மறதி தொடங்கியிருந்தது. அதனால் காலையில் ஞாபகம் வருகிறதைக் கசெற்றில் சொல்லிவைத்தார். பொத்தானை அழுத்துவது நான். பேரைச் சொன்னபின், எனக்காக இத்தாலியனில் பொருளும் சொல்லுவார்.

அந்த நாளில் கடிதம் எழுத வராத எங்களைப் போன்றவர்கள் கசெற்றில் கதைத்து, கொழும்புக்குப் போகிறவர்களிடம் கொடுத்துவிடுவோம். தன் கருவியிலேயே பதியச் சொன்னவரும் சின்யோராதான். தான் பேசிய கசெற்றை எப்போதும் எடுத்து மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டு, எனக்கென்று வெறும் கசெற்றைப் போட்டுவிடுவார். ஒரு மத்தியானம் மறந்துவிட்டார். திரும்பக் கேட்பதற்காகத் தொடக்கத்துக்குச் சுற்றிவைத்த அவருடைய கசெற் உள்ளேயே கிடந்தது. அதில் ஒட்டியிருந்த எழுத்து எனக்கு வாசிக்கத் தெரியாது. அவர் நித்திரையாய் இருக்க, தங்கச்சிக்கு ஒரு பக்கம் முழுக்கக் கதைத்து, கசெற்றை உள்ளேயே விட்டேன்.

அடுத்த நாள் தன் பேர்களைக் கேட்க வேண்டும் என்றார். முதலுக்குச் சுற்றி அழுத்தினேன். என் குரல் வந்தது.

“தங்கச்சி, நாங்கள் இஞ்சை சுகம். சின்யோராவுக்குத்தான் விசர். வாய்க்காலுக்கெல்லாம் பேர் சொல்லிக்கொண்டிருக்குது மனிசி.”

கீழே வியா மக்வேதா தெருவில் போகிற வாகனச் சத்தம்கூட என் காதில் விழவில்லை. சின்யோராவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் தன்னைச் சொல்கிறேன் என்பது விளங்கிவிட்டது. அவர் என்னை ஏசவில்லை. மறுபக்கத்தைப் போடச் சொன்னார். அது வெறுமையாய் இருந்தது. அப்போதுதான் அவருடைய முகம் மாறியது.

ஏழு வருடத்தில் ஒரு கோப்பைகூட உடைக்காதவள் என்று பெருமை அடித்தவள் நான்.

எழுதத் தெரியாததால் நான் எதையும் மனதில்தான் வைப்பேன். அவர் சொன்ன பொருள்கள் என்னிடம் இருந்தன. வேறு கசெற்றைப் போட்டு, கன்றுகள் இறங்குவது என்றேன். அவர் பேரைச் சொன்னார். தயிர் நிறம் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். மூன்று காலை அப்படிப் போனது. மழைக்கு முதல் இரைகிறது என்ற ஓடைக்கு மட்டும் பேர் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். வரவேயில்லை. அது அவர் பிறந்த வீட்டின் பின்கோடியால் ஓடியது.

வந்தவர் தன் கருவியை மேசையில் வைத்து, வரைபடத்தில் ஓடைக் கோடுகளைக் காட்டி ஒவ்வொன்றாகக் கேட்டார். அந்த ஓடை வந்ததும் சின்யோரா என்னைப் பார்க்காமலே சொன்னார்.

“அதற்குப் பேர் இல்லை.”

எனக்காகத்தான் அந்தப் பொய். தேத்தண்ணித் தட்டைக் கீழே வைத்தேன்.

“பேர் இருந்தது. நான்தான் அழிச்சுப்போட்டன்,” என்றேன்.

வந்தவர் பேனாவை வைத்துவிட்டு, பொருளாவது தெரியுமா என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். பேர் எழுதும் இடத்தை வெறுமையாய் விட்டு, அதற்குப் பக்கத்தில் அந்தப் பொருளை எழுதினார்.