கம்பெனி நல்லாத்தான் இருக்குதுங்க

தனக்கே நம்பிக்கை இல்லாததை ஊரை நம்பவைப்பதுதான் மக்கள் தொடர்பு அதிகாரி வேலை. இந்த வேலையில் மாட்டிக்கொண்ட சக பாவப்பட்டவர்களே, உங்களுக்குப் புரியும்.

தொண்ணூறுகளின் கடைசி. ஜவ்வரிசி விலை படுத்துவிட்டது. அடிவாரத்தில் இருந்த எங்கள் ஆலையை மூடப்போகிறார்கள் என்று கொல்லிமலை முழுக்கப் பேச்சு. அதை நம்பி மலைக்காரர்கள் மரவள்ளிக் கிழங்கு தராமல் விட்டால் நிஜமாகவே மூடவேண்டியதுதான். முதலில் போவது என் வேலை. மூடமாட்டோம் என்று ஊர் ஊராகச் சொல்லிவர பஸ் ஏறினேன்.

புது பெயிண்ட்

மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. அரியூர் நாட்டில் எங்கள் கிழங்கு வாங்கும் ஷெட் துருப்பிடித்துக் கிடந்தது. பளபளவென்று இருந்தால் நம்பிக்கை வரும் என்றார் மேனேஜர். பச்சை பெயிண்ட் அடித்தோம். செல்லப்பன் என்ற விவசாயி சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“ஏனுங்க, சந்தையில விக்கிறதுக்கு முன்னாடிதானுங்களே மாட்டுக் கொம்புக்குப் பெயிண்ட் அடிப்போம்?”

சிரித்த முகம்

எந்நேரமும் சிரித்த முகமாக இருக்கவேண்டும் என்பது ஆபீஸ் உத்தரவு. வளப்பூர் நாட்டில் ஒரு வீட்டு வாசலில், பல் தெரியச் சிரித்தபடி கம்பெனியின் பெருமையைச் சொன்னேன். உள்ளுக்குள் உதறல். அந்த வீட்டு அம்மா பாதியிலேயே எழுந்து அடுப்படிக்குப் போனார்.

“வகுத்து வலியோட எதுக்குக் கண்ணு பேசிட்டு இருக்கறே? இரு, மொளகுக் கசாயம் வெச்சுத் தாரேன்.”

ஒரே ஒரு சொல்

ஆலத்தூர் நாட்டில் மட்டும் தொண்டை வறளப் பேசி ஒருவழியாக ஒப்புக்கொள்ள வைத்தேன். மறுநாள் லாரி அனுப்பினால் கிழங்கு பிடுங்கித் தருவதாகச் சொன்னார்கள். அதற்குள் கடைசி பஸ் ஹாரன் அடித்தது. “பஸ் வந்துருச்சு, போறேனுங்க!” என்று கத்திக்கொண்டே ஓடினேன்.

மறுநாள் லாரி காலியாகத் திரும்பியது. லாரிக்காரர் கபீர் பாய் தலையில் அடித்துக்கொண்டார்.

“வாரேன்னு சொல்லக் கூடாதுங்களா சார்? ஆளே ‘போறேன்’னுட்டாரு, கம்பெனியும் போயிருச்சுன்னு ஒருத்தரும் கெழங்கு புடுங்கலீங்க!”

மறுபடியும் மலை

கை கால் நடுங்க அதே லாரியில் ஏறிப்போனேன். “நெசத்தச் சொல்லுங்க, மூடிருவாங்களா?” என்றார் ஊர்ப் பெரியவர். மனப்பாடம் செய்ததெல்லாம் மறந்துவிட்டது. “தெரியலீங்க. எனக்கும் பயமாத்தான் இருக்குது” என்றேன். அவர் திரும்பி ஆட்களிடம் சொன்னார்:

“மூடற முடிவாயிருந்தா வேற வேலை தேடாம இந்த மனுசன் எதுக்கு இப்படி நடுங்கிட்டு வந்து நிக்கறாரு? போயிக் கெழங்கப் புடுங்குங்கப்பா.”

லாரி நிறையக் கிழங்கோடு இறங்கினேன். ஆலையை மூடிவிடுவார்களோ என்கிற பயத்தோடு, இவர்கள் என்னை நம்பிவிட்டார்களே என்கிற பயமும் அன்றிலிருந்து சேர்ந்துகொண்டது.