எதிரே நின்று பார்க்காத வெளிச்சம்

செகந்திராபாத்தின் லோத்குண்டாவில் அத்தான் வீட்டுக்கு எதிரே ராணுவ நிலத்தின் காம்பவுண்டுச் சுவர் ஓடுகிறது. ஒரு டிசம்பர் மாலை, இருட்டத் தொடங்கிய நேரத்தில், அந்தச் சுவரில் இரண்டு வெளிச்ச வட்டங்கள் விழுந்தன. முதலில் லேசான ஊதா. மூன்று நான்கு நொடிகளில் அது வெளுத்து, காரை பெயர்ந்த இடங்களும் நடுவில் வளர்ந்திருந்த அரசங்கன்றும் பட்டப்பகல்போலத் தெரிந்தன. அத்தான், அக்கா, அவர்களுடைய இரண்டு பெண்கள், நான் என ஐந்து பேரும் காருக்குப் பின்னால் நின்று கைதட்டினோம். "இனிமே ராத்திரியே நக்கோ டாடி, வேணவே வேணாம்!" என்று சின்னவள் குதித்தாள். பன்னிரண்டு வருடங்களாகின்றன.

அத்தான் என் அக்காவின் கணவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ரயில்வே பணிமனை வேலைக்குச் செகந்திராபாத் வந்த குடும்பத்தின் மூன்றாம் தலைமுறை. ஊருக்கு வெளியே பட்டான்செருவில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் பாய்லரைக் கவனித்துக்கொள்ளும் மேற்பார்வையாளர். காலை ஷிப்டுக்கு ஆறு மணிக்கு அங்கே இருக்க வேண்டும் என்பதால் ஐந்து மணிக்கு முன்பே கிளம்பிவிடுவார். அவருடைய பழைய காரின் முன் பம்பரில் கூடுதலாக இரண்டு விளக்குகள் இருந்தன. இரண்டிலும் மஞ்சள் பல்பு. குளிர்காலத்தில் அந்தச் சாலையில் ஏரியை ஒட்டிய இடங்களில் பனிமூட்டம் இறங்கும். மஞ்சள் வெளிச்சம் தரையோடு கொஞ்ச தூரம் ஊர்ந்து போகும். அந்த அளவுக்குத்தான் வேகமும். இப்படி உருட்டிக்கொண்டு போவதை நான் கிண்டல் செய்தால், "சீக்கிரம் போயி பாய்லருக்கு குட்மார்னிங் சொல்லணுமாக்கும்" என்பார்.

நான் அப்போது பேகம்பேட்டில் ஓர் ஆங்கில நாளிதழில் உதவி ஆசிரியர். சனிக்கிழமைதோறும் வரும் கார் பக்கம் என் பொறுப்பு. கூடுதல் விளக்குகளுக்கு, பளீரென்று வெள்ளை வெளிச்சம் தரும் செனான் பல்பு போடுவதைப் பற்றி அதில் அரைப் பக்கம் எழுதினேன். எந்த வண்டியிலும் போட்டுப் பார்த்ததில்லை. தயாரிப்பாளர்களின் கையேடுகளும் விற்பவர்கள் இருவரின் பேட்டியும்தான் ஆதாரம். எழுதி அச்சில் பார்த்ததும் நானே அதை நம்பிவிட்டேன். அத்தானின் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு அந்தப் பல்பு செட்டையே வாங்கிக் கொடுத்தேன்.

ராணிகஞ்ச்சில் பொருத்தக் கொடுத்தோம். எல்லோரும் உஸ்தாத் என்று கூப்பிடும் அந்த எலக்ட்ரீஷியன் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கைக்கு சாப்?" என்று, எதற்கு இது எனக் கேட்டுத் தொடங்கி, மஞ்சளே நன்றாகத்தானே இருக்கிறது, இந்த விளக்கின் கிண்ணம் பழைய பல்புக்காகச் செய்தது, இதைப் போட்டால் வெளிச்சம் நாலா பக்கமும் சிதறும் என்று ஊர் உருதுவான தக்கனியில் சொன்னார். அத்தான் என் தோளில் கை போட்டு, இவரே பேப்பரில் எழுதியவர் என்று அவர் பாஷையிலேயே பெருமையாகச் சொன்னார். "ஹவ் சாப், ஆமாமா, பேப்பர்ல வந்துட்டா நான் யாரு" என்கிற பாவனையில் உஸ்தாத் சிரித்துவிட்டு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார்.

எதிர்த்தரப்பைக் கேட்டாயா என்பதுதான் செய்தி அறையில் முதல் வாரமே காதில் விழும் கேள்வி. அன்று மாலை சுவரைப் பார்த்துக் கைதட்டிய ஐந்து பேரில் ஒருவர்கூடக் காருக்கு முன்னால் போய் நிற்கவில்லை. நின்றிருந்தால் இரண்டு நொடியில் தெரிந்திருக்கும்.

ஜனவரியில் ஒரு விடிகாலை, பட்டான்செருவுக்குக் கொஞ்சம் முன்னால், இரவு ஷிப்ட் முடிந்த தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ஒரு ஷேர் ஆட்டோ எதிரே வந்தது. நல்ல பனிமூட்டம். வெள்ளை வெளிச்சம் பனியில் பட்டுத் திரும்பி, அத்தானுக்கே முன்னால் வேட்டி விரித்ததுபோலத்தான் தெரிந்திருக்கிறது. பிரேக்கில் கால் வைத்திருக்கிறார். ஆட்டோக்காரர் கண் கூசி இடது பக்கம் ஒடித்ததில் வண்டி பள்ளத்தில் சரிந்தது. மற்றவர்கள் சிராய்ப்போடு எழுந்துவிட்டார்கள். மாத்திரைப் பட்டைகளைப் பெட்டியில் அடுக்கும் வேலை பார்த்த ஓர் அம்மாவுக்கு வலது முழங்கை நொறுங்கிவிட்டது. அத்தான்தான் அவரைத் தன் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். காவல் நிலையத்தில் தன் விளக்குதான் காரணம் என்று அவரே எழுதிக் கொடுத்தார்.

அன்று மாலை நான் போனபோது, பம்பருக்கு முன் குந்தி உட்கார்ந்து விளக்குகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். "'ஏம் கனபடலேது சார்'னு திருப்பித் திருப்பிச் சொல்லுதான் மாப்ளே, அந்த ஆட்டோக்காரன். ஒண்ணுமே தெரியலையாம். கோவமாக்கூடச் சொல்லல." பிறகு நட்டுகளை ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டே, "நீ ஒண்ணு செய்யி. இதைப் பழைய விளக்குல போடாதீங்கன்னு ஒங்க பேப்பர்ல எழுதிரு. எம் பேரை வேணும்னாலும் போட்டுக்கோ. நாலு பேரு கழட்டுனாப் போதும்" என்றார்.

என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்டது அது ஒன்றுதான்.

அந்த வெள்ளிக்கிழமை எழுத உட்கார்ந்தேன். 'சென்ற மாதம் இதே பக்கத்தில் பரிந்துரைத்த' என்றுதான் முதல் வரி தொடங்க வேண்டியிருந்தது. தொடங்கினேன், அழித்தேன். இரண்டாவது வெள்ளியும் அப்படியே போயிற்று. அத்தான் ஒருநாள், "எடம் கிடைக்கலையோ மாப்ளே?" என்றார். "ஆமா அத்தான், விளம்பரம் ஜாஸ்தி" என்றேன். என் சங்கடத்தைக் குறைக்கிறவர்போல, "சரிதான், அவங்களும் பொழைக்கணும்லா" என்றார். அதற்குப் பிறகும் பல சனிக்கிழமைகள் அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டு மடித்து வைத்ததாக அக்கா சொன்னாள். சில வருடங்களில் அந்தப் பக்கமே நின்றுபோனது.

அத்தான் காரை விற்றுவிட்டார். ஸ்டியரிங்கைப் பிடித்தால் அந்த அம்மாவின் கைதான் நினைவுக்கு வருகிறது என்றார். ஓய்வு பெறும்வரை ஷேர் ஆட்டோக்களில் மாறி மாறித்தான் வேலைக்குப் போனார்; அதற்காக ஒரு மணி நேரம் முன்னதாக எழுந்தார். அந்த அம்மாவின் முழங்கை கடைசிவரை முழுதாக நீளவில்லை. பெட்டி அடுக்கும் வேலை போயிற்று. இதெல்லாம் அத்தான் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னது. அந்த அம்மாவின் வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்றுகூட நான் கேட்டுக்கொண்டதில்லை.

என் கட்டுரையைப் படித்து எத்தனை பேர் பல்பு மாற்றினார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதைப் பல வருடம் ஆறுதலாகவே வைத்திருந்தேன்.

போன மாதம் கண் பரிசோதனை முடிந்து அத்தானை என் காரில் வீட்டுக்கு அழைத்து வந்தேன். மாலை ஏழு மணி இருக்கும். லோத்குண்டா திருப்பத்துக்கு முன் எதிரே ஒரு கார். பம்பரில் இரண்டு வெள்ளை விளக்குகள், இரண்டும் நேராக எங்கள் முகத்தில். சொட்டு மருந்து விட்டிருந்த கண்களை அத்தான் இரண்டு உள்ளங்கைகளாலும் பொத்திக்கொண்டார். நான் கண்ணாடியை இறக்கி அந்த ஆளைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன்.

"ஏசாத மாப்ளே" என்றார் அத்தான், கையை எடுக்காமலே. "அவனுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க."

குத்திக்காட்டும் குரல் இல்லை அது. முகம் தெரியாத அந்த ஓட்டுநருக்காக மனதாரப் பரிந்துதான் சொன்னார்.